முதலில் காது, பிறகு கை



இசை என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கோயில் திருவிழாவில் முழங்கும் நாதசுரமும் தவிலும் நினைவுக்கு வருகின்றன. உறுமி மேளம் நினைவுக்கு வருகிறது. வானொலியில் கேட்ட திரைப்பாடல் ஒன்று நாவில் வந்து நிற்கிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒரு மெட்டு உண்டு. ஒரு தாளம் உண்டு. தொடக்கமும் முடிவும் உண்டு.

ஆனால் மேலை நாடுகளில், சென்ற நூற்றாண்டில், வேறொரு வகை இசையைச் சிலர் உண்டாக்கினார்கள. இரயில் வண்டியின் ஓசை, விளக்கின் மூடியைத் தட்டிய ஓசை, சாதாரணமாகப் பேசிய குரல், மழையின் ஓசை ஆகியவற்றைக் கொண்டு அவர்கள் இசை செய்தார்கள். அதைச் சோதனை இசை என்கிறார்கள். அதிலே ஒரு பிரிவு சூழல் இசை. ஆங்கிலத்தில் ஆம்பியன்ட் இசை என்பார்கள். ஓர் அறையில் வெளிச்சம் எப்படி நிறைந்திருக்கிறதோ, அப்படி நம்மைச் சுற்றி அமைதியாக நிறைந்திருக்கும் இசை அது. உட்கார்ந்து கவனித்தும் கேட்கலாம். நம் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடவும் செய்யலாம்.

“எங்கோ இருக்கிற வெள்ளைக்காரர்கள் எதையோ தட்டினார்கள். தோட்டத்தில் இருக்கிற நமக்கு அதனால் என்ன?” என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு என் பதில் இது. “இசை கற்க என்னிடம் பணம் இல்லை, வாத்தியம் இல்லை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, ஆகவே இசை எனக்கு உரியதில்லை” என்று ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகள் நம்மிடையே எத்தனையோ பேர். இன்று நான் சொல்லப் போகிறவர்களில் ஒருவருக்கு இசைக் குறிப்பை வாசிக்கவே தெரியாது. ஒருவருக்குப் பேச்சில் திக்கல். ஒருவர் தகர வேலை செய்த தொழிலாளியின் மகள். இவர்கள் எப்படி வேலை செய்தார்கள், எங்கிருந்து தொடங்கினார்கள் என்று தெரிந்துகொண்டால், நம் பிள்ளைகளுக்கும் ஒரு கதவு திறக்கும்.

இவர்கள் எல்லாரும் தொடங்கிய இடம் ஒன்றுதான். அது காது.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் 1932 ஆம் ஆண்டு பிறந்தவர் போலின் ஒலிவெரோஸ் என்னும் பெண்மணி. அவருடைய தாயாரும் பாட்டியாரும் பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுத்து வந்தவர்கள். போலின் வாசித்தது அக்கார்டியன் என்னும் துருத்தி வாத்தியம். 1953 இல் அவருடைய 21 ஆவது பிறந்த நாளுக்கு அம்மா ஒரு பரிசு கொடுத்தார். பட்டுச் சட்டையா? நகையா? இரண்டும் இல்லை; ஓர் ஒலிப்பதிவுக் கருவி. அந்தக் காலத்தில் அது சாதாரண வீடுகளில் காண முடியாத பொருள்.

போலின் அந்தக் கருவியின் ஒலிவாங்கியைத் தம் வீட்டுச் சன்னலில் வைத்தார். வெளியே கேட்ட சத்தங்களைப் பதிவு செய்தார். பிறகு அதைப் போட்டுக் கேட்டார். திடுக்கிட்டார். தாம் சன்னல் அருகில் இருந்தபோது கேட்காத ஓசைகள் எல்லாம் நாடாவில் இருந்தன! ஒலிவாங்கி கேட்டதைத் தம் காது கேட்கவில்லை. காது இருந்தது, கவனம் இல்லை. அன்று அவர் தமக்கு ஒரு கட்டளை இட்டுக்கொண்டார். எந்நேரமும் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். கேட்கத் தவறும்போது அதைத் தமக்கே நினைவூட்டிக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கட்டளை. 2016 இல் மறையும் வரை அவர் செய்த இசைக்கெல்லாம் இதுவே அடிப்படை.

கேட்பதைப் பற்றிப் பேசும்போது ஜான் கேஜ் என்ற அமெரிக்கரை விட்டுவிட முடியாது. இவர் கதையில் நம் பாரதத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1946 இல் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் என்ற பெண்மணி நியூயார்க் நகருக்கு வந்தார். மேலை நாட்டு இசையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம். கேஜ் கட்டணம் வாங்காமல் கற்றுக்கொடுத்தார். பதிலுக்குக் கீதா அவருக்கு நம் நாட்டு இசையைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார். ஒருநாள் கேஜ், “உங்கள் நாட்டில் இசையின் நோக்கம் என்ன என்று சொல்வார்கள்?” என்று கேட்டார். மனத்தின் ஆரவாரத்தை அடக்கி, அதைத் தெளியவைத்து, தெய்வத்தன்மை உள்ளே வர இடம் செய்வதுதான் நோக்கம் என்று தம் குரு சொல்லியிருப்பதாகக் கீதா பதில் சொன்னார். அந்தப் பதில் கேஜின் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. ஊர் திரும்பும் முன்பு இராமகிருஷ்ண பரமஹம்சரின் உபதேசங்கள் அடங்கிய நூல் ஒன்றையும் கீதா அவருக்குக் கொடுத்துவிட்டுச் சென்றார்.

சில ஆண்டுகள் கழித்து, கேஜ் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் அறைக்குள் சென்றார். வெளிச்சத்தம் உள்ளே வராமலும், உள்ளே எழும் சத்தம் எதிரொலிக்காமலும் கட்டப்பட்ட அறை அது. அங்கே முழு அமைதியை எதிர்பார்த்தார். ஆனால் இரண்டு ஓசைகள் கேட்டன. ஒன்று மெல்லிய கீச்சொலி. மற்றொன்று தாழ்ந்த ஒலி. வெளியே வந்து பொறியாளரைக் கேட்டபோது, தாழ்ந்த ஒலி உங்கள் இரத்த ஓட்டம், கீச்சொலி உங்கள் நரம்பு மண்டலம் என்றாராம். நரம்பு மண்டலம் அப்படிக் காதுக்குக் கேட்காது என்று பிற்காலத்தில் பலர் மறுத்திருக்கிறார்கள். அது போகட்டும். உயிரோடு இருக்கிறவனுக்கு முழு அமைதி என்று ஒன்று கிடையாது என்று கேஜ் உணர்ந்துகொண்டார்.

அதன் பயனாக, 1952 ஆகஸ்ட் 29 ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் உட்ஸ்டாக் என்ற ஊரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. காட்டுப் பக்கம் திறந்திருந்த மரக் கொட்டகையில் மக்கள் கூடியிருந்தார்கள். டேவிட் டியூடர் என்ற கலைஞர் பியானோவின் முன் வந்து அமர்ந்தார். மூடியை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். 4 நிமிடம் 33 விநாடி வரை ஒரு கட்டையைக்கூட அவர் தொடவில்லை. எழுந்து போய்விட்டார். மக்களுக்குக் கோபம். சிலர் எழுந்து வெளியேறினார்கள். ஆனால் கேஜ் பிறகு என்ன சொன்னார் தெரியுமா? முதல் பகுதியில் வெளியே காற்று வீசியது. இரண்டாம் பகுதியில் கூரைமேல் மழைத்துளிகள் விழுந்தன. மூன்றாம் பகுதியில் மக்களே முணுமுணுத்தும் நடந்தும் பலவகை ஓசைகளை எழுப்பினார்கள் என்றார். அவ்வளவும் அங்கே இருந்தது, கேட்பார்தான் இல்லை.

“ஒன்றும் வாசிக்காமல் போவதற்கு ஒரு கலைஞரா?” என்று நேயர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், தவறில்லை. ஆனால் தகரக் கூரையில் மழை முதலில் ஒன்றிரண்டு துளியாக விழுந்து, பிறகு படபடத்து, பிறகு ஒரே இரைச்சலாகி, கடைசியில் தாழ்வாரத்துச் சொட்டாக ஓய்வதை நீங்கள் படுத்துக்கொண்டே கேட்டதில்லையா? மனம் அதிலே இலயித்ததில்லையா? கேஜ் காட்டியது அதைத்தான்.

சரி, காதைத் தீட்டிக்கொண்டாயிற்று. அடுத்தது என்ன? கையில் கிடைப்பதை எடுத்துக்கொள்வது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள் நம் பெரியவர்கள்.

பிரான்சு நாட்டு வானொலியில் பொறியாளராக வேலை பார்த்தவர் பியேர் ஷேஃபர். இவர் 1948 இல் பாரிஸ் நகரின் பத்திஞோல் இரயில் நிலையத்துக்கு ஒலிப்பதிவுக் கருவியோடு போனார். நீராவி வண்டிகளின் மூச்சு, ஊதல், தண்டவாளத்தில் சக்கரம் உருளும் தாளம் ஆகியவற்றைப் பதிவு செய்தார். அப்போது அவரிடம் இருந்தது நாடா அல்ல, இசைத்தட்டு. தட்டின் கோடு சுருளாக உள்நோக்கிப் போகும் அல்லவா? அவர் அந்தக் கோட்டை வட்டமாக மூடிவிட்டார். முள் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரே துண்டு ஓசை திரும்பத் திரும்ப ஒலித்தது. திரும்ப ஒலிக்க ஒலிக்க, அது இரயில் என்பது மறந்து, தாளமாகவே கேட்கத் தொடங்கியது. மணியோசையின் முதல் அடியை, அதாவது ‘டண்’ என்ற தொடக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுப் பார்த்தார். மிஞ்சியது மணி போலவே இல்லை. குழல் வாத்தியம் போல் இருந்தது! இந்தச் சோதனைகளை 1948 அக்டோபர் 5 ஆம் நாள் பிரெஞ்சு வானொலி ஒலிபரப்பியது.

தகரத் தொழிலாளியின் மகள் என்று முன்பு சொன்னேனே, அவர்தான் டீலியா டெர்பிஷர். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1937 இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில், 1940 நவம்பரில், ஜெர்மானிய விமானங்கள் அந்நகரைக் குண்டு வீசி நாசமாக்கின. அபாயச் சங்கின் ஓலமும், ஆபத்து நீங்கியது என்று அறிவிக்கும் சங்கொலியும்தான் தாம் கேட்ட முதல் மின்னொலி இசை என்று டீலியா பின்னாளில் கூறினார். பிறகு அவரைப் பிரஸ்டன் என்ற ஆலை நகருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே விடியற்காலை ஆறு மணிக்கு ஆலைத் தொழிலாளர்கள் கட்டைச் செருப்பு அணிந்து கல் பாவிய தெருவில் கூட்டமாக வேலைக்குப் போவார்கள். ‘டக் டக் டக்’ என்று நூற்றுக்கணக்கான கால்களின் ஓசை. அந்த ஓசைதான் தம் இசையை உருவாக்கியது என்று அவர் நன்றியோடு சொல்லியிருக்கிறார். நேயர்களே, இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அந்தத் தொழிலாளிகளுக்குத் தாங்கள் ஒரு குழந்தைக்கு இசை கற்றுக்கொடுக்கிறோம் என்று தெரியாது. வேலைக்குத்தான் நடந்து போனார்கள். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போகிறவர்களின் காலடியை எந்தக் குழந்தை படுக்கையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நமக்கும் தெரியாது.

டீலியா நன்றாகப் படித்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இசையும் கற்றுப் பட்டம் பெற்றார். ஒலிப்பதிவு வேலை கேட்டு ஒரு பெரிய இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. 1960 இல் பி.பி.சி. வானொலியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டில், நாடகங்களுக்குப் புதுவகை ஒலிகளை உண்டாக்கும் பிரிவில் இடம் பிடித்தார்.

1963 இல் ‘டாக்டர் ஹூ’ என்ற தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பு இசை தேவைப்பட்டது. ரான் கிரெய்னர் என்பவர் மெட்டை எழுதிக் கொடுத்தார். அதை ஒலியாக்கும் பொறுப்பு டீலியாவுக்கு வந்தது. வாத்தியக் குழு இல்லை. இழுத்துக் கட்டிய ஒரே ஒரு தந்தியைச் சுண்டினார். அதைப் பதிவு செய்தார். நாடாவை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும். மெதுவாக ஓட்டினால் இறங்கும். வேகத்தைச் சரிபாதியாக்கினால் ஒரு முழு ஸ்தாயி கீழே போகும். இப்படி ஒரே தந்தியின் ஓசையிலிருந்து வேண்டிய சுரங்களை எடுத்தார். மற்ற ஒலிகளைச் சோதனைச்சாலையில் பயன்படும் மின்கருவிகளிலிருந்து எடுத்தார். பிறகு ஒவ்வொரு சுரத்தையும் நாடாவில் அளந்து வெட்டி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினார். நாடா விநாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை விநாடிச் சுரத்துக்கு ஏழரை அங்குல நாடா. கால் விநாடிக்கு மூன்றே முக்கால் அங்குலம். தையற்காரர் துணியை அளப்பது போல் இசையை அளந்தார்கள்!

ஒரு தடவை இந்த நாடாக்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எங்கோ ஓர் ஒட்டு தவறியிருந்தது. டீலியாவும் உதவியாளர் டிக் மில்ஸும் நாடாக்களை நீண்ட நடைவழியில் பக்கம் பக்கமாக விரித்து, ஒட்டு ஒட்டாகச் சரிபார்த்துப் பிழையைக் கண்டுபிடித்தார்களாம். முடிந்ததைக் கேட்ட கிரெய்னர், இதை நானா எழுதினேன் என்று வியந்தார். பெரும்பகுதி நீங்கள் எழுதியதுதான் என்று டீலியா அடக்கமாகச் சொன்னாராம். ஆயினும் டீலியாவின் பெயர் அந்தத் தொடரின் திரையில் வர 2013 வரை, ஐம்பது ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அவரோ 2001 இலேயே மறைந்துவிட்டார். உழைப்பு ஒருவருடையது, பெயர் வேறொருவருக்கு என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தியா என்ன?

டீலியாவுக்கு மிகவும் பிடித்த வாத்தியம் என்ன தெரியுமா? பச்சை நிற உலோக விளக்கு மூடி ஒன்று. அதைத் தட்டினால் நீண்ட நேரம் ரீங்காரமிடும். ஷேஃபர் மணியோசையை வெட்டியது போல, டீலியாவும் அதன் முதல் அடியை வெட்டிவிட்டு, ரீங்காரத்தை மட்டும் எடுத்து இசை அமைத்தார்.

மூன்றாவது வழி இன்னும் வியப்பானது. வழியை அமைத்துக் கொடுத்துவிட்டு, கலைஞர் ஒதுங்கி நின்றுகொள்வது. இதற்குப் பேர்பெற்றவர் பிரையன் ஏனோ. இங்கிலாந்தில் வுட்பிரிட்ஜ் என்ற ஊரைச் சேர்ந்தவர்; 1948 இல் பிறந்தவர். தந்தை தபால்காரர். இசைக் குறிப்பை வாசிக்கத் தெரியாதவர் என்று சொன்னது இவரைத்தான்.

1975 சனவரியில் ஏனோ சாலையில் ஒரு வாடகைக் காரில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த ஒரு தோழி யாழிசைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தோழி போன பிறகு, சிரமப்பட்டு எழுந்து தட்டைப் போட்டுவிட்டு ஏனோ படுத்துக்கொண்டார். பிறகுதான் தெரிந்தது, சத்தம் மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது என்று. இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒரு பக்கம் வேலையும் செய்யவில்லை. மறுபடி எழுந்து போகத் தெம்பு இல்லை. வெளியே பலத்த மழை. மழைச் சத்தத்துக்கு மேலே யாழின் உரத்த சுரங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டன. முதலில் எரிச்சலாக இருந்திருக்கலாம். ஆனால் கேட்கக் கேட்க, இசை தனியாகவும் மழை தனியாகவும் இல்லாமல், இரண்டும் சேர்ந்து அந்த அறையின் ஒரு பகுதியாகிவிட்டதை உணர்ந்தார். அதே ஆண்டு வெளியிட்ட இசைத்தட்டின் உறையில் ஏனோவே இந்த நிகழ்ச்சியை எழுதியிருக்கிறார்.

பின்பு விமான நிலையங்களுக்கென்று 1978 இல் ஓர் இசையை உருவாக்கினார். பயணம் போகிறவர்களின் மனப் பதற்றத்தைத் தணிக்க வேண்டும்; அறிவிப்புகளுக்கும் பேச்சுக்கும் இடைஞ்சல் செய்யக் கூடாது. அதற்கு அவர் செய்த ஏற்பாடு இது. மூன்று பெண்களும் அவருமாகச் சேர்ந்து தனித்தனியே ஒவ்வொரு சுரத்தை நீட்டிப் பாடினார்கள். ஒவ்வொரு சுரத்தையும் ஒரு நாடாவில் பதிந்து, நாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினார். வளையம் சுற்றிவரும்போது அந்தச் சுரம் மறுபடி மறுபடி வரும். வளையங்கள் மிக நீளமானவை; ஒலிப்பதிவுக் கூடத்து நாற்காலிக் கால்களைச் சுற்றி அவற்றை ஓடவிட வேண்டியிருந்தது.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. வளையங்கள் ஒரே நீளம் அல்ல. ஒரு சுரம் இருபத்து மூன்றரை விநாடிக்கு ஒருமுறை வரும். இன்னொன்று ஏறக்குறைய இருபத்தாறு விநாடிக்கு ஒருமுறை. மற்றொன்று ஏறக்குறைய முப்பது விநாடிக்கு ஒருமுறை. கணக்குப் போடுகிற மாணவர்கள் கவனியுங்கள். 3 நிமிடத்துக்கு ஒரு மணி, 4 நிமிடத்துக்கு ஒரு மணி, 5 நிமிடத்துக்கு ஒரு மணி என்று மூன்று மணிகள் அடித்தால், மூன்றும் மறுபடி ஒருசேர அடிக்க 60 நிமிடம் ஆகும். இதுவே 23, 25, 29 விநாடி என்று வைத்தால்? பெருக்கிப் பாருங்கள்: 16,675 விநாடி. அதாவது நான்கரை மணி நேரத்துக்கும் மேல்! பள்ளிக்கூடத்தில் படிக்கும் மீச்சிறு பொது மடங்குதான் இது. சில சுரங்களை மட்டும் கொண்டு, மணிக்கணக்காக ஒரே மாதிரி திரும்பி வராத இசை கிடைத்துவிட்டது. நாடாக்கள் சுற்றத் தொடங்கிய பிறகு ஏனோ ஒன்றும் செய்யவில்லை. விதையை ஊன்றி நீர் விட்டவன், செடியின் ஒவ்வோர் இலையையும் தானே செய்வதில்லை அல்லவா?

இனிப் பேச்சில் திக்கல் உடையவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் ஆல்வின் லூசியர், அமெரிக்கர், 1931 இல் பிறந்து 2021 இல் மறைந்தவர். 1969 இல் அவர் ஓர் அறையில் அமர்ந்து, தாம் என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சில வாக்கியங்களில் சொல்லிப் பதிவு செய்தார். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிபெருக்கியில் போட்டு, அது ஒலிப்பதை மற்றொரு கருவியில் பதிவு செய்தார். அதையும் போட்டு, மறுபடி பதிவு செய்தார். இப்படியே திரும்பத் திரும்பச் செய்தார். இசைத்தட்டாக வெளிவந்த ஒரு பதிவில் இது 32 முறை நடக்கிறது.

என்ன ஆகும்? வெறுங் குடத்துக்குள் வாயை வைத்துக் குரல் கொடுத்துப் பாருங்கள். ஏதோ ஒரு சுருதியில் மட்டும் குடம் தானும் சேர்ந்து பாடும். அறையும் அப்படித்தான். ஒவ்வோர் அறைக்கும் அதனதன் நீள அகலத்துக்கு ஏற்பச் சில சுருதிகள் பிடிக்கும். அந்தச் சுருதிகளை அறை பலப்படுத்தும். ஒவ்வொரு பதிவிலும் அவை கூடிக்கொண்டே போகும். மற்றவை தேய்ந்துகொண்டே போகும். முதலில் சொற்கள் தெளிவாகக் கேட்கும். பிறகு மங்கும். கடைசியில் சொல் ஒன்றும் இல்லை. மணியும் குழலும் சேர்ந்தாற்போல் ஓர் ஒலி மட்டும் மிதக்கும். அவருடைய திக்கல் எங்கே? கரைந்து இசையாகிவிட்டது. தம் பேச்சின் மேடுபள்ளங்களைச் சமன் செய்துகொள்ளும் வழியாகவே இதைக் கருதுகிறேன் என்று அவரே அதில் சொல்கிறார். பிள்ளைப் பருவத்தில் திக்கிப் பேசும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. இந்த மனிதர் அந்தத் திக்கலை மறைக்கவில்லை. அதையே முன்னால் வைத்து, உலகம் மதிக்கும் ஒரு படைப்பைச் செய்துவிட்டார்.

கடைசியாகப் பொறுமை. முன்பு சொன்ன போலின் ஒலிவெரோஸ் 1988 அக்டோபரில் இரண்டு நண்பர்களோடு, வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஒரு பழைய இராணுவக் கோட்டையின் நிலத்தடி நீர்த்தொட்டிக்குள் இறங்கினார். இருபது இலட்சம் காலன் தண்ணீர் கொள்ளும் தொட்டி. அப்போது காலியாக இருந்தது. உள்ளே ஓர் ஒலி எழுப்பினால் அது அடங்க 45 விநாடி ஆகும். அவசரப்பட்டு வாசித்தால் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும். ஆகவே ஒருவர் ஒரு சுரம் வாசிப்பார். அது சுவரெல்லாம் தொட்டுத் திரும்புவதைக் கேட்பார். பிறகே அடுத்தவர் சேர்ந்துகொள்வார். மூன்று பேரும் அந்தத் தொட்டியை நான்காவது கலைஞராக மதித்து வாசித்தார்கள். பேசுவதற்கு முன் கேட்பது என்ற பழக்கம் வீட்டிலும் சங்கக் கூட்டத்திலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இதெல்லாம் சுலபமான வேலை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தட்டியதெல்லாம் இசையாகிவிடாது. நூறு ஓசை கேட்டுப் பத்தைப் பதிவு செய்து, ஒன்பதைத் தள்ளிவிட்டு ஒன்றை வைத்துக்கொள்வதுதான் இவர்கள் தொழில். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இவர்களுக்கும் பொருந்தும். இதைக் கேட்டுவிட்டு, மிருதங்கமோ உறுமியோ பயிலும் பிள்ளைகள் அதை விட்டுவிடவும் வேண்டாம். கேட்கப் பழகிய காது எந்த வாத்தியக்காரருக்கும் வேண்டும்.

நம் வீட்டிலே செய்து பார்க்க மூன்று சிறு பயிற்சிகள் சொல்கிறேன். ஒரு மாலையில் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் யாரும் பேச வேண்டாம். பெரியவர், சிறியவர் எல்லாரும் தங்கள் காதில் விழுந்த ஓசைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். பாட்டி கேட்டது பேரனுக்குக் கேட்டிருக்காது. பேரன் கேட்டது அப்பாவுக்குக் கேட்டிருக்காது. பால்மரக் காட்டிலோ செம்பனைக் காட்டிலோ வேலை செய்தவர்கள், இருட்டில் மங்கில் பால் சொட்டும் ஓசையையும், குலை விழும் ஓசையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அது அவர்களுக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம்.

இரண்டாவது பயிற்சி. ஒரு மைலோ டின், ஒரு தேங்காய்ச் சிரட்டை, ஒரு கரண்டி. ஒவ்வொன்றிலிருந்தும் எத்தனை வகை ஓசை எழுப்ப முடியும் என்று பிள்ளைகள் பார்க்கட்டும். தட்டலாம், தேய்க்கலாம், தண்ணீர் ஊற்றித் தட்டலாம். ஒன்றை மட்டும் தாய்மார்கள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். களைக்கொல்லி, பூச்சிமருந்து இருந்த டின்களையும் தோம்புகளையும் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. கழுவி வைத்தாலும் அவற்றில் நஞ்சு இருக்கும்.

மூன்றாவது பயிற்சி. போலினுடைய அம்மா வாங்கிக் கொடுத்த ஒலிப்பதிவுக் கருவி இன்று கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. சன்னலோரம் அதை வைத்து ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். கேட்டுப் பாருங்கள். உங்கள் காது தவறவிட்டது எது என்று அது சொல்லும்.

தாய்மார்களே, பெரியோர்களே! மேசையில் தாளம் போடுகிற பையனை, வாளியைத் தட்டிப் பாடுகிற பெண்ணை, “சும்மா இரு, சத்தம் போடாதே” என்று நாம் அதட்டுகிறோம். வேலை செய்து களைத்து வந்தவர்களுக்கு அமைதி வேண்டும் என்பது உண்மைதான். அதட்டுவதற்கு முன் ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அந்தப் பிள்ளை என்ன கேட்டு அப்படித் தட்டுகிறது என்று நீங்களும் காது கொடுத்துப் பாருங்கள். கவென்ட்ரியின் தகரத் தொழிலாளிக்கும், வுட்பிரிட்ஜின் தபால்காரருக்கும், ஹூஸ்டனில் பியானோ கற்றுக்கொடுத்த அந்தத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகள் அப்படித்தான் தொடங்கினார்கள்.